பிள்ளைங்களுக்கு ஸ்பானிஷ் கிளாஸ்ரூம் வார்த்தை: பாதி வேலைய நம்ம ஊரு வாயே முடிச்சிரும்

அண்ணன் மக மூணாங்கிளாஸ் படிக்கா. அண்ணனுக்கு ஹூஸ்டன்ல வேலை கெடச்சு குடும்பமா கெளம்பணும்னு ஆனப்ப அவளுக்கு இங்கிலீஷப் பத்தியெல்லாம் பயமே இல்ல, அங்க கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க வீட்ல ஸ்பானிஷ்தான் பேசும்னு யாரோ சொல்லி வச்சிட்டாங்க, அதுதான் பயம். நான் நித்திரவிளை பக்கம் வீட்டு வராந்தாவுல சாயங்காலம் டியூஷன் எடுக்கேன், ஸ்பானிஷ் டீச்சர் ஒண்ணும் இல்ல, மூணு வருஷமா போன்ல நானா படிச்சதுதான். சரி மக்ளே, கிளாஸ்ரூம்ல உள்ள சாமானுக்குப் பேரு மட்டும் படிச்சிட்டுப் போன்னு அவள உக்கார வச்சேன். பாத்தா டியூஷன்ல உள்ள பயலுவ அத்தனை பேரும் கூட வந்து உக்காந்துட்டானுவ, ஏன்னா மெஸ்ஸி பேசுறது ஸ்பானிஷாம். நம்ம கடல்புறத்துல வேர்ல்டு கப் வந்தா முக்குக்கு முக்கு அர்ஜென்டினா கொடி நிக்குமே, அந்தக் கூட்டம்தான். பிரேசில் பயலுவ மட்டும் வரல. அவங்க பேசுறது போர்ச்சுகீசு, அதனால நியாயமும்தான்.

மொதல்ல ஒரு காரியம் சொல்லிடுறேன், இங்கிலீஷ் வழியா சொல்லிக்குடுக்காதீங்க. பிள்ளைங்க ஸ்பானிஷ் ஸ்பெல்லிங்கப் பாத்ததும் இங்கிலீஷ் மாதிரியே வாசிக்கும், அப்பிடி ஒரு தடவ வாயில ஏறிட்டா பொறவு எறக்க பாடு. நான் மொத ரெண்டு வாரம் ஒரு வார்த்தையக்கூட ஸ்பெல்லிங்கோட காட்டல, எல்லாம் தமிழ் எழுத்துல நோட்டுல எழுதி, காதால கேட்டு, வாயால சொல்ல வச்சதுதான். ஸ்பானிஷ்ல உயிர் ஓசை அஞ்சுதான், நம்ம அ எ இ ஒ உ போல, இங்கிலீஷ் மாதிரி ஒரே எழுத்து நாலு விதமா கத்துறது கெடையாது. அப்பறம் அவங்க டி எழுத்து நம்ம 'த'தான், 'ட' இல்ல. சாக்பீஸுக்கு 'தீஸா', அத 'டீஸா'ன்னு சொன்னா அது இங்கிலீஷ் நாக்கு. பற்கிட்ட நாக்கு போகணும், தமிழ்ப் பிள்ளைக்கு அத தனியா சொல்லிக்குடுக்கவே வேண்டாம், தமிழ்ல எழுதிக் காட்டினாலே போதும்.

அடுத்தது 'ற'. எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இது. ஸ்பானிஷ்ல ஒத்த ஆர் வேற, ரெட்ட ஆர் வேற. 'பெரோ'ன்னா ஆனா, 'பெறோ'ன்னா நாய். வெளிநாட்டுல ஸ்பானிஷ் படிக்கிற ஆளுங்க இந்த ரெட்ட ஆர் வரலன்னு மாசக்கணக்குல நாக்கப் போட்டு அடிச்சிட்டு இருப்பாங்க. நம்ம மாவட்டத்துல கரியும் கறியும் ஒண்ணா சொல்ற ஆளு இருக்காங்களா? அரையும் அறையும்? ரெண்டையும் பிரிச்சுத்தான பேசுறோம். அந்த ற-வ கொஞ்சம் அழுத்தி உருட்டினா அதுதான் ரெட்ட ஆர். கிளாஸ்ரூம்லயே ரெண்டு வார்த்தை இருக்கு, போர்டுக்கு 'பிஸாறா', டஸ்டருக்கு 'பொறதோர்'. வார்த்தை ஆர்-ல ஆரம்பிச்சா ஒத்த ஆர்னாலும் ற-தான், அதனால ஸ்கேலுக்கு 'றெக்லா', கடிகாரத்துக்கு 'றெலோஹ்'. தமிழ்ல ற-ல ஒரு வார்த்தையும் தொடங்காதுல்ல, அதனால மொத நாள் பிள்ளைங்க சிரிச்சிட்டே கெடக்கும், சிரிக்கட்டும்.

ஞ-வும் நம்மகிட்ட இருக்கு. அவங்க என் எழுத்து மேல ஒரு வளைவு போட்டு எழுதுறது அப்பிடியே ஞ. ஸ்பானிஷ்ங்கிற மொழிக்கே அவங்க பேரு 'எஸ்பஞோல்'. ஞாயித்துக்கெழமை, ஞாபகம்னு சொல்ற வாய்க்கு இதுல என்ன கஷ்டம்.

ஜே எழுத்துக்கு மட்டும் கொஞ்சம் நிக்கணும், ஏன்னா அது 'ஹ'. தொண்டையில இருந்து வர்ற ஹ. அதுக்கு நான் கோட்டாறு சவேரியாரத்தான் கூப்பிட்டேன். டிசம்பர் 3 சவேரியார் திருநாளுக்கு நம்ம மாவட்டத்துக்கே லீவு உண்டுல்ல, அந்தப் பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. அவரு 1506-ல பொறந்த கோட்டை இப்ப ஸ்பெயின்ல நவார்ங்கிற பகுதியில இருக்கு, அந்த ஊரு பேருதான் அவரு பேரு. இங்கிலீஷ்ல சேவியர், நமக்கு சவேரியார், அந்த ஊர்க்காரங்க இன்னைக்கு ஜே போட்டு எழுதி 'ஹபியேர்'னு சொல்லுவாங்க. சேவியர்னு ஒரு ஆளு இல்லாத தெரு நம்ம கடல்புறத்துல உண்டா? அதுக்குப் பொறவு ஜே-ய ஒருத்தனும் மறக்கல, கத்திரிக்கோலுக்கு 'திஹேராஸ்', பேப்பர் ஷீட்டுக்கு 'ஓஹா', எல்லாம் சரியா வந்துச்சு. ஓஹா-வுல முன்னாடி ஒரு ஹெச் எழுதுவாங்க, அத வாசிக்கவே கூடாது. ஹலோவுக்கு 'ஓலா', அங்கயும் ஹெச் சும்மா நிக்குது, கல்யாண வீட்டுல வேலை செய்யாம நிக்கிற மாமன் மாதிரி.

தமிழ்ல எழுதும்போது ஒரே ஒரு தொந்தரவு, நமக்கு ப-வும் அம்புல வர்ற ப-வும் ஒரே எழுத்து. அதனால அம்பு மாதிரி வர்ற எடத்துல எழுத்துக்கு அடியில ஒரு கோடு போடச் சொன்னேன், புத்தகத்துக்கு 'லிப்ரோ', அதுல ப-க்கு அடியில கோடு. வல்லினமா வரணும்னா ரெட்டிச்சு எழுதிரணும், பேப்பருக்கு 'பப்பெல்', பென்சிலுக்கு 'லாப்பிஸ்'. வி எழுத்தும் பி எழுத்தும் அவங்களுக்கு ஒரே சத்தம்தான், அதனால ஜன்னல் 'பென்தானா'.

இனி வார்த்தைக்கு வருவோம். ஒரு நாளைக்கு அஞ்சுக்கு மேல வேண்டாம், அதுவும் தொட்டுப் பாக்கக்கூடிய சாமானா இருக்கணும். மொத வார்த்தை எதுன்னு யோசிக்கவே வேண்டாம், 'மேஸா'. மேசைதான்! ஸ்பானிஷும் போர்ச்சுகீசும் கூடப்பொறந்தது, நமக்கு மலையாளம் எப்பிடியோ அப்பிடி. போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல வந்து எறக்கிட்டுப் போன வார்த்தையில மேசையும் ஒண்ணு, அலமாரியும் ஒண்ணு, அலமாரிக்கு ஸ்பானிஷ்ல 'அர்மாரியோ'. பிள்ளைங்களுக்கு இது பெரிய சந்தோஷம், ஒண்ணும் படிக்காமலேயே ரெண்டு வார்த்தை தெரிஞ்சுபோச்சுல்ல.

ஆனா இதுலதான் நான் குழியில விழுந்தேன். நம்ம பக்கம் நாற்காலிய கசேரைன்னு சொல்லுவோம், அதுவும் போர்ச்சுகீசுக்காரன் குடுத்த 'கதெய்ரா'தான், அப்ப ஸ்பானிஷ்லயும் அப்பிடித்தான் இருக்கும்னு நானா கணக்குப் போட்டுக்கிட்டேன், எங்கயோ 'கதேரா'ன்னு ஒரு வார்த்தை பாத்த ஓர்மையும் இருந்துச்சு, ரெண்டு வாரம் பிள்ளைங்ககிட்ட கதேராவுல உக்காரு, கதேராவ நகத்துன்னு சொல்லிட்டே இருந்தேன். பொறவு ஒரு நாள் சந்தேகம் வந்து டிக்ஷனரியத் தெறந்து பாத்தா கதேரான்னா இடுப்பாம்! மூலம் ரெண்டுக்கும் ஒரே லத்தீன் வார்த்தைதான், ஒருத்தன் நாற்காலிய எடுத்துட்டுப் போயிட்டான், இன்னொருத்தன் அதுல உக்கார்ற எடத்த எடுத்துட்டான். மதுரைக்காரங்ககிட்ட போயி குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாங்கன்னு நாம கேட்டா எப்பிடி முழிப்பாங்க, அதே கதை. நாற்காலிக்கு சரியான வார்த்தை 'ஸீயா'. ரெட்ட எல் எழுதி ய-ன்னு வாசிக்கணும். அதனால சொந்தக்கார வார்த்தைன்னு தோணினா சந்தோஷப்படுங்க, ஆனா ஒரு தடவ சரிபாத்துட்டு சொல்லிக்குடுங்க. பேனாவும் போர்ச்சுகீசுதான், ஸ்பானிஷ்ல 'பேனா'ன்னா துக்கம். சாவி 'யாவே', அது பரவால்ல, நம்ம பக்கம் தாக்கோல்னு சொல்ற வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டுமே புதுசு.

மேசை, நாற்காலி ஆனதும் பைக்குள்ள உள்ளது. ஸ்கூல் பேக் 'மொச்சீலா', நோட்டு 'குவதெர்னோ', புத்தகம் லிப்ரோ, பென்சில் லாப்பிஸ், ரப்பர் 'கோமா', ஸ்கேல் றெக்லா. பையத் தலைகீழா கொட்டி ஒண்ணொண்ணா எடுத்துப் பேரு சொல்லிட்டே உள்ள வைக்கச் சொல்லுங்க, பேரு தெரியாத சாமான் வெளிய கெடக்கணும். எங்க கிளாஸ்ல ஒருத்தன் பையில இருந்து பாதி ஏத்தம்பழம் விழுந்துச்சு, அதுக்கு என்ன பேருன்னு கேட்டு ஒரே அடம். அதுக்கப்பறம் அறையில உள்ளது, கதவு 'புவெர்தா', ஜன்னல் பென்தானா, போர்டு பிஸாறா, மேப் 'மாப்பா'.

இப்ப பெரிய தலைவலி. ஒவ்வொரு சாமானுக்கும் முன்னாடி 'எல்' இல்லன்னா 'லா' வரும், ஆண்பால் பெண்பால். நமக்கு மேசையும் நாற்காலியும் எல்லாம் 'அது'தான், மலையாளத்துலயும் அப்பிடித்தான், அதனால நம்ம பிள்ளைங்களுக்கு இது சுத்தமா புரியாது. மேசை எதுக்கு டீச்சர் பொண்ணு, அதுக்கு சடையா இருக்குன்னு ஒருத்தி கேட்டா. காரணம் சொல்லப் போனா மாட்டிக்குவோம், காரணமே கெடையாது. நான் ரேஷன் கார்டு கதை சொன்னேன். ரெண்டு கார்டு இருக்கு, ஒண்ணு எல், இன்னொண்ணு லா, ஒவ்வொரு சாமானுக்கும் ஏதோ ஒரு கார்டுல பேரு இருக்கும், மேசைக்கு லா கார்டுல இருக்கு, புத்தகத்துக்கு எல் கார்டுல இருக்கு, அவ்வளவுதான், யாரு ஆணு யாரு பெண்ணுன்னு ஆராய வேண்டாம். பெரும்பாலும் ஓ-ல முடிஞ்சா எல், ஆ-ல முடிஞ்சா லா. எல் லிப்ரோ, எல் குவதெர்னோ, லா மேஸா, லா மொச்சீலா. வேற எழுத்துல முடிஞ்சா மனப்பாடம்தான், எல் லாப்பிஸ், எல் பப்பெல், எல் றெலோஹ், எல் பொறதோர், ஆனா லா கிளாஸே. ஏமாத்துறதும் இருக்கு, மாப்பா ஆ-ல முடிஞ்சாலும் எல் மாப்பா, கைக்கு 'மானோ' ஓ-ல முடிஞ்சாலும் லா மானோ.

அதனால வார்த்தைய ஒருநாளும் மொட்டையா சொல்லிக்குடுக்காதீங்க, எல்லும் லாவும் ஒட்டினதுதான் பேருன்னே பழக்குங்க, பிள்ளை 'மேஸா'ன்னு சொன்னா காது கேக்காத மாதிரி இருங்க, லா மேஸான்னு வந்தா தலையாட்டுங்க. கூடவே சீட்டு ஒட்டணும். நீலச் சீட்டு எல்லுக்கு, செவப்புச் சீட்டு லாவுக்கு, வீடு பூரா ஒட்டிருங்க. நான் மொதல்ல சோத்துப் பசையில ஒட்டினேன், ஆனி மழை ஈரத்துக்கு ராத்திரியே எல்லாம் கழண்டு விழுந்து, காலையில அம்மா வாரியல எடுத்து லா புவெர்தாவையும் லா பென்தானாவையும் ஒண்ணா கூட்டித் தள்ளிட்டாங்க. செல்லோ டேப்தான் சரி.

இது என்னன்னு கேக்க 'கே எஸ் எஸ்தோ?' பதில் 'எஸ் உன் லிப்ரோ', இது ஒரு புத்தகம். இந்த 'உன்'ல ஒரு கூத்து நடந்துச்சு. ஸ்பானிஷ்ல உன்-னா 'ஒரு', எல் கார்டு சாமானுக்கு உன், லா கார்டு சாமானுக்கு 'ஊனா'. நான் ஒரு புத்தகத்தத் தூக்கிக் காட்டி எஸ் உன் லிப்ரோன்னு சொன்னேன், முன்னாடி இருந்த பய இல்ல டீச்சர் அது எனக்க லிப்ரோ இல்ல, அவனுக்க லிப்ரோன்னு பக்கத்துல இருந்தவனக் கை காட்டுறான். அவனுக்கு 'உன்' தமிழாத்தான் கேட்டிருக்கு. அதனால ஊனா மேஸாவ மொதல்ல சொல்லிக்குடுத்துட்டு உன் லிப்ரோவுக்கு அடுத்த நாள் வாங்க.

அழுத்தம் எங்க வருதுன்னு கைதட்டி சொல்லிக்குடுக்கலாம். தமிழ்ல நாம எல்லாத்தையும் ஒரே மட்டமா சொல்லுவோம், ஸ்பானிஷ்ல ஒரு எடம் தூக்கும். உயிரெழுத்து, என், எஸ் இதுல ஏதாவது ஒண்ணுல முடிஞ்சா கடைசிக்கு முந்தினது, மத்தபடி கடைசி, மேல ஒரு சாய்கோடு இருந்தா கோடு உள்ள எடம். பப்பெல்-ல கடைசியில தட்டு, மொச்சீலாவுல நடுவுல தட்டு, லாப்பிஸுக்கு மொதல்லயே கோடு உண்டு. பிள்ளைங்ககிட்ட விதியெல்லாம் சொல்ல வேண்டாம், தட்டினா போதும்.

பேரு ஒரு இருபது தேறினதும் கட்டளைக்குப் போயிடுங்க, இதுதான் உண்மையா வேலை செய்றது. ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1960-கள்லயே இந்த முறையப் பத்தி எழுதியிருக்காரு, டீச்சர் சொல்ற கட்டளைக்குப் பிள்ளை உடம்ப அசைச்சு செஞ்சாலே போதும், ஆரம்பத்துல வாயத் தெறந்து பேசணும்னு கட்டாயமே இல்லன்னு. கூச்சப்பட்ட பிள்ளைக்கு இது ரொம்ப நல்லது, அண்ணன் மக மொத நாலு நாள் ஒரு வார்த்தை பேசல, ஆனா சொன்னத எல்லாம் செஞ்சா. 'ஸியென்தத்தே' உக்காரு, 'லெபான்தத்தே' எந்திரி, 'எஸ்கூச்சா' கேளு, 'றெப்பீத்தே' திருப்பிச் சொல்லு, 'எஸ்க்ரீபே' எழுது, 'மீரா' பாரு. மீரான்னு பேரு உள்ள பிள்ளை உங்க கிளாஸ்ல இருந்தா பாவம், நாள் பூரா திரும்பித் திரும்பிப் பாத்துட்டு இருக்கும். இதோட சாமான் பேரச் சேத்தா வாக்கியம் ரெடி, 'அப்ரே எல் லிப்ரோ' புத்தகத்தத் தெற, 'ஸியெறா லா புவெர்தா' கதவ அடை, 'லெபான்தா லா மானோ' கையத் தூக்கு. நீங்க மொதல்ல செஞ்சு காட்டணும், பொறவு கூடச் சேந்து செய்யணும், மூணாவது நாள் கைய மடக்கிட்டு வாயால மட்டும் சொல்லணும். அதுல பாதி விளையாட்டு ஆக்கலாம், 'ஸிமோன் தீஸே'ன்னு முன்னாடி சொன்னா மட்டும் செய்யணும், சொல்லாம செஞ்சா அவுட்டு. எங்க வராந்தாவுல இந்த விளையாட்டுக்கு வெளிய நின்ன பிரேசில் பயலுவளும் உள்ள வந்துட்டானுவ.

அவசரத்துக்கு உதவுற வாக்கியம் நாலு தெரிஞ்சே ஆகணும், அமெரிக்காவுக்குப் போற பிள்ளைக்கு பென்சில் பேரவிட இது முக்கியம். புரியலன்னா 'நோ என்தியென்தோ'. மெதுவான்னா 'மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபபோர்'. ஒண்ணுக்கு என்ன பேருன்னு கேக்க 'கோமோ ஸே தீஸே' சொல்லிட்டு சாமானக் கை காட்டலாம். பாத்ரூம் போக 'புவேதோ ஈர் அல் பாஞோ?' நான் டியூஷன்ல ஒரு சட்டம் போட்டேன், பாஞோ சொல்லாம யாரும் எந்திரிச்சுப் போகக்கூடாதுன்னு. ஒரே வாரத்துல எல்லாருக்கும் மனப்பாடம். அட்டெண்டன்ஸுக்கு 'ப்ரெஸென்தே'.

ஒரு விஷயம், 20 நாட்டுல ஆட்சி மொழியா இருக்கிற மொழி, அதனால ஊருக்கு ஊரு வார்த்தை மாறும். நாகர்கோவில்ல ஒண்ணு மார்த்தாண்டத்துல ஒண்ணு பேசுறோம்ல. பேனா ஸ்பெயின்ல 'போலீக்ரஃபோ', மெக்ஸிக்கோவுல 'ப்ளூமா', அர்ஜென்டினாவுல 'லப்பிஸேரா'. சாக்பீஸு மெக்ஸிக்கோவுல தீஸா இல்ல, 'ஹீஸ்'. போர்ட 'பிஸாறோன்'னு சொல்ற ஊரும் உண்டு, அப்ப அது எல் கார்டுக்குப் போயிரும். மெஸ்ஸியோட ஊரு ரொஸாரியோவுல ஸீயாவ 'ஸீஷா'ன்னு சொல்லுவாங்க, அங்க ரெட்ட எல்லுக்கு ஷ. பயலுவ இதக் கேட்டதுல இருந்து ஸீஷாதான் சொல்லுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறானுவ, சொல்லட்டும், தப்பு இல்லைல. டீச்சருக்கு 'மயெஸ்த்ரா', ஆம்பளைன்னா 'மயெஸ்த்ரோ', ஸ்பெயின்ல பிள்ளைங்க செல்லமா 'ப்ரொஃபே'ன்னும் அர்ஜென்டினாவுல டீச்சரம்மாவ 'ஸேஞோ'ன்னும் கூப்பிடும், நாம மிஸ்ஸுன்னு கூப்பிடுற மாதிரி. ஹூஸ்டனுக்குப் போறவளுக்கு மெக்ஸிக்கோ வார்த்தையத்தான் குடுத்தேன். உச்சரிப்புல சந்தேகம் வந்தா ஃபோர்வோன்னு ஒரு சைட் இருக்கு, அந்தந்த நாட்டு ஆளுங்களே ஒவ்வொரு வார்த்தையா சொல்லி ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காங்க, யாரு எந்த நாடுன்னும் போட்டிருக்கும்.

பன்மைக்கு ரொம்ப நேரம் ஒதுக்க வேண்டாம். எல் மாறி 'லோஸ்' ஆகும், லா மாறி 'லாஸ்' ஆகும், வார்த்தைக்குப் பின்னாடி ஒரு ஸ் சேரும், லோஸ் லிப்ரோஸ், லாஸ் மேஸாஸ். பென்சில் 'லோஸ் லாப்பிஸேஸ்'. கத்திரிக்கோல் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் பெரும்பாலும் லாஸ் திஹேராஸ்தான்.

பிள்ளைக்கு ஏறிடுச்சான்னு பாக்க பரீட்சை பேப்பர் எடுக்காதீங்க. சீட்டு எல்லாம் கிழிச்சிட்டு, நீங்க அடுக்களையில நின்னுட்டு, பிள்ளை வராந்தாவுல இருக்கும்போது 'த்ராயெமே லா றெக்லா'ன்னு ஒரு சத்தம் குடுங்க, ஸ்கேல எடுத்துட்டு வான்னு அர்த்தம். உங்க கை அசைவு தெரியாத தூரத்துல இருந்து ஸ்கேலோட வந்தா சரி. டஸ்டரத் தூக்கிட்டு வந்தா திட்டாதீங்க, ரெண்டுலயும் ற இருக்குல்ல, காது அங்க போயிருக்கும். 'எஸ்தோ எஸ் எல் பொறதோர்'னு சொல்லி டஸ்டர வாங்கி வச்சிட்டு, திரும்பவும் த்ராயெமே லா றெக்லான்னு அனுப்புங்க.